அண்ணனின் இடது கன்னம்

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. அண்ணன் இணையத்தில் ஒரு சவரக் கத்தி வாங்கினான். பிளேடு மாட்டுகிற வகை இல்லை. மடக்கி விரிக்கும் முழு எஃகுக் கத்தி.
2. அது வீடு வந்து சேர்வதற்குள் அவனுடைய தைப்பூச விரதம் தொடங்கிவிட்டது. விரதம் முடியும்வரை சவரம் கிடையாது.
3. விரதம் ஒரு பதவி உயர்வு வேண்டி.
4. அந்தப் பதவிக்கு முகத்தில் தாடி இருக்கக் கூடாது.
5. வேண்டுதலுக்காகத் தாடி வளர்ந்தது. வேண்டியது கிடைக்க அதே தாடி போக வேண்டியிருந்தது.
6. இதற்கு நடுவில் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டது நான்.

நாங்கள் ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். அப்பா, அம்மா, அண்ணன், நான். செனாயில் வெட்டுக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஓர் எஃகு விளிம்பின் கூர் போதுமா போதாதா என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அண்ணன் பாசிர் கூடாங்கில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் இருக்கிறான். தொட்டிக்குள் இறங்கும் குழுவுக்கு லீடர் செய்ய வேண்டிய வேலையைப் பல காலமாக அவன்தான் செய்கிறான். பெயர் மட்டும் வேறொருவருக்கு. போன முறை அந்த இடம் காலியானபோது வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். இந்த முறை மறுபடியும் காலியாகப் போகிறது என்று தெரிந்ததும், கிடைத்தால் காவடி எடுக்கிறேன் என்று அவன் வேண்டிக்கொள்ளவில்லை. எடுக்கிறேன், கொடு என்று வேண்டிக்கொண்டான். முன்பணம் கட்டியாகிவிட்டது, பொருளை அனுப்பு என்பது போல.

சவரக் கத்தி இதில் எப்படி வந்தது என்றால், காணொளிகளால். அவன் பார்த்த காணொளிகளில் ஆண்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். மரச் சுவர், மஞ்சள் விளக்கு, தோல் ஏப்ரன். குரலைத் தாழ்த்தி, குழந்தையைத் தூங்கவைக்கிறவர்கள் மாதிரி பேசுவார்கள். ஒருவருக்கும் வேலைக்கு நேரமாகியிருக்காது. கழிப்பறைக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். சவரம் என்பது ஒரு மனிதன் தன்னோடு செலவிடும் நேரம் என்று அதில் ஒருவர் சொன்னாராம். அதை அண்ணன் இரவுச் சாப்பாட்டின்போது எங்களிடம் சொன்னான்.

அப்பா சவரம் செய்வது சமையலறைத் தொட்டியில். மஞ்சள் பிளாஸ்டிக் ரேசர், கையில் கிடைத்த சோப்பு, கண்ணாடி கிடையாது. கேத்தல் கொதிப்பதற்குள் முடிந்துவிடும். அண்ணன் அதைப் பார்த்து, அது சவரமே இல்லை, முகத்தைச் சுரண்டுவது என்றான். அப்பா வழவழவென்றிருந்த தாடையைத் தடவிக்கொண்டு காப்பி கலக்கப் போனார்.

பார்சல் வந்த அன்று அம்மா அதைச் சுங்கத்துறை அதிகாரி போலப் பிரித்தார். விரத வீடு. நாங்கள் எல்லாரும் சைவம். பாத்திரங்கள் தனி, பாய் தனி. பெட்டியில் கத்தியோடு நுரை எழுப்பும் பிரஷ், சோப்புக் கட்டி, கத்தியைத் தீட்டும் தோல் வார் எல்லாம் இருந்தன. பிரஷ் எந்த முடி என்று அம்மா கேட்டார். அண்ணன் பெட்டியைத் திருப்பி நேர்மையாகப் படித்தான். பன்றி. வார்? மாடு. சோப்பு? அதிலும் மாட்டுக் கொழுப்பு.

"முருகனுக்கு விரதம் இருக்கிறேன்னு சொல்லிட்டு, ஒரு இறைச்சிக் கடையையே பார்சல்ல வரவழைச்சிருக்கான்," என்றார் அம்மா. என்னிடம்தான் சொன்னார். அண்ணனிடம் பேசவே இல்லை.

பெட்டி முழுவதும் கார் பூட்டுக்கு, பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்கு, போனது. கத்தி மட்டும் தப்பியது. இரும்பு சைவம்.

இதனால் கத்தி தீட்டுவது வெளியே என்றாயிற்று. வாரின் ஒரு முனையைக் கேட்டில் கட்டி, மறு முனையை இழுத்துப் பிடித்து, மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறைய விபூதியும் நாளுக்கு நாள் அடர்ந்துகொண்டிருந்த தாடியுமாக நின்று, அண்ணன் மாலை வேளைகளில் கத்தியை மேலும் கீழும் ஓட்டுவான். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஒரு நாள் குப்பை போட வந்தவர், என்னைத் தனியே அழைத்து, உன் அண்ணனுக்கு வீட்டில் யாரோடாவது பிரச்சினையா என்று கேட்டார். பிரார்த்தனைக்குத் தயாராகிறான் என்றேன். அவர் முகத்தில் நிம்மதி எதுவும் வரவில்லை.

நான் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பதாகத்தான் இருந்தேன். ஆனால் கத்தியோடு வந்த சீட்டில், உடனே சவரம் செய்யும் அளவு கூரானது என்று எழுதியிருந்தது. அந்த மாதிரி வாக்கியத்தைச் சும்மா விட்டுவிடும் பழக்கம் எனக்கில்லை. அனுமதி கேட்டு, மதிய இடைவேளையில் வேலையிடத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு, மழைக்காலத்தில் லாரி ஓடிய செம்மண் பாதை போல இருந்தது. அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். அதில் வெண்ணெய் தடவலாம், தாடி எடுக்க முடியாது என்றேன். அதற்குப் பிறகு கத்தியின் கூர் என் பொறுப்பானது. யாரும் ஒப்படைக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

சாணைக் கற்கள் வாங்கினேன். கரகரப்பானதிலிருந்து வழவழப்பானதுவரை வரிசையாக. கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் தொடும்படி, விளிம்பு முன்னே போகத் தள்ள வேண்டும். அழுத்தக் கூடாது. அழுத்தினால் கூர் வரும் என்று தோன்றும். வராது, மடியும். சில வாரங்களில் என் முன்கை முடி கத்தி பட்டதும் சத்தமில்லாமல் விழுந்தது. பிறகு, யாரும் கேட்காமலேயே, தொழிற்சாலையில் புது இயந்திரத்துக்கு எழுதுவது போல ஒரு செயல்முறைத் தாள் எழுதினேன். கோணம், திசை, முடி வளரும் போக்கு, ஆபத்துகள், ஆபத்துகளின் தீவிரம். காதுமடல் தனி வரியில் இருந்தது. அண்ணன் அதைக் கண்ணாடி பக்கத்தில் ஒட்டினான். அப்பா அதைப் படித்துப் பார்த்து, இவ்வளவு ஆபத்தான வேலையையா தினமும் செய்கிறேன் என்றார்.

பயிற்சிதான் சிக்கல். விரதம் முடியும்வரை முகத்தில் கத்தி படக் கூடாது என்பது அம்மாவின் விதி. அப்பாவின் முகத்தில் பழகலாம் என்று அண்ணன் மெதுவாகச் சொன்னபோது அப்பா எழுந்து கார் கழுவப் போய்விட்டார். ஆகவே பலூன். ஊதி, குளியல் சோப்பு நுரை தடவி, உடையாமல் நுரையை மட்டும் வழிக்க வேண்டும். அந்தக் காணொளி மனிதர்களே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். முதலில் எல்லாம் உடைந்தன. அம்மா சாமி விளக்கு ஏற்றும் நேரத்தில் கழிப்பறைக்குள்ளிருந்து வெடி கேட்கும். அம்மா கண்ணைத் திறக்காமல் மந்திரத்தை இன்னும் சத்தமாகச் சொல்வார். போகப் போக வெடி குறைந்தது. தை பிறந்தபோது ஒரு பலூனும் உடையவில்லை. ஜொகூரிலேயே பலூன்களுக்குச் சிறந்த நாவிதன் எங்கள் வீட்டில் இருந்தான்.

அப்போதுதான் அவன் நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. லீடர் இடத்துக்கு அவன் பெயர் முதலில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை மாஸ்க் பொருத்தச் சோதனை. தொட்டிக்குள் நச்சு ஆவி இருக்கும். மாஸ்க் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே முடி இருந்தால் காற்று கசியும். விரதம் தொடங்கியதிலிருந்து அண்ணன் உள்ளே இறங்காமல் வெளி வேலைதான் பார்த்துக்கொண்டிருந்தான். கசிந்தால் உள்ளே இறங்க முடியாது, இறங்க முடியாதவர் லீடராக முடியாது. முகம் சுத்தமாக மழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வரிசையில் அடுத்திருந்தவனுக்குப் பிறவியிலேயே தாடி வளராது. அண்ணன் அதை இரண்டு முறை சொன்னான்.

திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறுதான் எங்கள் வீட்டில் இடும்பன் பூசை. காவடியை இறக்கிவைத்தால் விரதம் முடிந்துவிடாது. சில நாள் கழித்து வீட்டில் இடும்பனுக்குப் படைத்த பிறகுதான் முடியும். அதுவரை முகத்தில் கத்தி கிடையாது. பூசையை ஒரு நாள் முன்னால் வைத்துக்கொள்ளலாமே என்று நான் கேட்டேன். அது ஒரு நியாயமான கால அட்டவணைத் திருத்தம்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "வேலை கேட்டது முருகன்கிட்ட. குடுக்கப் போறதும் அவர். அவர் விரதத்தையே உங்க ஆபீஸ் நேரத்துக்கு மாத்தச் சொல்றியா?"

அண்ணனுக்குக் கவலையே இல்லை. ஞாயிறு மாலை ஒரு சவரம், திங்கள் காலை சோதனை. இதற்காகத்தானே இத்தனை நாள் பயிற்சி என்றான். எதற்கும் ஒரு டிரிம்மர் வாங்கி வைக்கலாம் என்றேன். எங்கள் தொழிலில் இரண்டாவது வழி இல்லாத திட்டத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டார்கள். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "மலை ஏறப் பழகினவன்கிட்ட லிஃப்ட் இருக்குன்னு சொல்றியே மா."

தைப்பூசத்தன்று ஜொகூர் பாருவில் அவன் காவடி எடுத்தான். தார்ச் சாலை காலைச் சுட்டது. அவன் ஒரு முறைகூட நிற்கவில்லை. இறக்கிவைத்தபோது அழுதான், அம்மாவும் அழுதார், நான் தண்ணீர் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப் பற்றி எனக்கு நையாண்டி எதுவும் இல்லை.

ஞாயிறு பூசை நன்றாக முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே அண்ணன் பின் சமையலறையில் ஜன்னலோரம் கண்ணாடியை மாட்டினான். கார் பூட்டிலிருந்து பன்றியும் மாடும் உள்ளே வர அனுமதி கிடைத்தது. நீளமான தாடியை முதலில் கத்தரியால் வெட்டினேன். அது செயல்முறைத் தாளில் முதல் படி. பிறகு அவன் வெந்நீர்த் துண்டைப் போட்டு, நுரை எழுப்பி, கத்தியை விரித்தான்.

வலது கன்னம் அற்புதமாக வந்தது. கத்தி இறங்க இறங்க, மெல்லிய தாளைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அப்பாகூட நின்று பார்த்தார். கன்னம், தாடை, கழுத்தின் வலப்பக்கம். பல வாரங்களாக நாங்கள் பார்க்காத தோல் ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. அண்ணன் கத்தியைத் துடைத்தான். இடது பக்கத்துக்குத் திரும்பினான்.

அங்கேயே நின்றான்.

வலது கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனான். முழங்கை கண்ணாடியை மறைத்தது. கையை மேலே தூக்கிப் பார்த்தான். கத்தி மூக்குக்கு மிக அருகில் வந்தது. இடது கைக்கு மாற்றினான். இடது கை முதல் நாள் வேலைக்கு வந்த ஆள் போல எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றது.

"பலூன்ல எப்படிச் செஞ்ச?" என்றேன்.

"பலூனைத் திருப்பிக்குவேன்."

தொழிற்சாலையில் ஒரு பொருளைத் தேய்க்கும்போது, கை வசதிக்கு ஏற்றபடி அதைத்தான் திருப்புவோம். அத்தனை பலூன்களையும் அவன் அப்படித்தான் வழித்திருக்கிறான். என் தாளில் கோணம் இருந்தது, காதுமடல் இருந்தது. முகத்தைக் கழற்றித் திருப்ப முடியாது என்பது எந்த வரியிலும் இல்லை.

தலையைத் திருப்பிப் பார்த்தான். திருப்பினால் கண்ணாடி தெரியவில்லை. தெரிகிற அளவுக்குத் திரும்பினால் கை எட்டவில்லை. மறுபடியும் இடது கையால் ஒரு முறை இழுத்தான். தாடைக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு வந்து, நுரையில் பரவியது. ஆழமில்லை. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. அண்ணன் வாசலுக்கு ஓடி, நிலையில் கறுப்புக் கயிற்றில் கட்டியிருந்த படிகாரக் கட்டியை அறுத்துக்கொண்டு வந்து அழுத்தினான்.

"தெருவுல போறவன் வர்றவன் கண்ணெல்லாம் அதுலதான்டா இருக்கு," என்று அம்மா அவன் பின்னாலேயே வந்தார். "அதையா மூஞ்சில தேய்க்கிற?"

ரத்தம் நின்றது. அம்மாவால் அதை மறுக்க முடியவில்லை. திருஷ்டி எங்கே போகும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்ற வழிகளைப் பார்த்தோம். எங்கள் தாமான் முடிதிருத்தும் கடைக்காரர் பொங்கலுக்குத் தமிழ்நாடு போனவர் இன்னும் திரும்பவில்லை. அப்பாவின் மஞ்சள் ரேசர் முதல் இழுப்பிலேயே முடி அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பேரங்காடியில் இன்னொரு கடை திறந்திருந்தது. ஆனால் ஞாயிறு மாலை அண்ணனோடு வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் குடும்பத்தோடு அங்கேதான் இருப்பார்கள்.

"பாதி மூஞ்சோட அங்க போனா, நான் ரிட்டயர் ஆகிறவரைக்கும் அதுதான் என் பேரு," என்றான்.

பிறகு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தான். கத்தியை மடக்கித் தொட்டி ஓரத்தில் வைத்தான். ஒரு பக்கம் இருபது வயதுப் பையனாகவும் மறு பக்கம் சாமியாராகவும் இருந்தான். அவனைப் பார்த்துச் சிரிக்க எல்லாக் காரணமும் இருந்தது. "விடு. அவனே எடுத்துக்கட்டும் அந்த வேலைய," என்றான் தரையைப் பார்த்து. போன முறை கதவைச் சாத்திக்கொண்டபோது இருந்த அதே குரல்.

நான் அவனுக்கு எதிரே நின்றிருந்தேன். எதிரே நிற்பவருக்கு அவனுடைய இடது கன்னம் வலது கைப் பக்கம் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

கத்தியை எடுத்தேன். அம்மா என் கையைப் பார்த்தார். "தங்கச்சி அண்ணன் மூஞ்சில கத்தி வைக்கலாமா?" என்று ஆரம்பித்து, யோசித்தார். எங்கேயாவது ஒரு தடை இருக்கும் என்று தேடுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில், "கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. இப்படி ஒரு கூத்து நடக்கும்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு, சாமி அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

புதிதாக நுரை தடவினேன். இழுத்துப் பிடிக்கும் விரல் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும் என்பது முதல் நிமிடத்தில் தெரிந்தது. தோலை இழுத்துப் பிடிக்கவும் என்று என் தாளில் ஒரே வரி எழுதியிருந்தேன். பாதி வேலை அதுதான். எஃகு போட்ட இடத்தில் கிடக்கும். முகம் மூச்சு விடுகிறது, எச்சில் விழுங்குகிறது, பேசுகிறது.

"கை நடுங்குதா?" என்றான்.

"பேசினா நடுங்கும்."

"நீ சின்ன வயசுல என் பொம்மை லாரிய உடைச்சதுக்கு நான் அடிச்சேன்ல, அதெல்லாம் மனசுல வச்சுக்காத."

"கழுத்துக்கு வந்துட்டேன். சிரிக்காத அண்ணே."

அவன் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தியின் கீழே அவன் குரல்வளை ஒரு முறை ஏறி இறங்கியது. நான் நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்து, மறுபடியும் இழுத்தேன். ஒவ்வொரு இழுப்பும் அரிசி அளவு. அழுத்தவில்லை. அது மட்டும் கல்லிடமிருந்து எனக்குத் தெரிந்திருந்தது. வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றிப் போனேன். மேலுதட்டையும் நானே முடித்தேன். மூக்கு நுனியை அவனே தூக்கிப் பிடித்துக்கொண்டான். அப்பா காப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்து, "ஒரு மூஞ்சிக்கு ரெண்டு பேர்," என்றார். கூடவே, வலது தாடைக்குக் கீழே ஒரு பட்டை விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினார். அது அண்ணன் செய்த பக்கம். அதையும் எடுத்தேன்.

மறுநாள் சோதனையில் நடந்தது அவன் வந்து சொன்னது. காணொளி மனிதர்கள் சவரத்துக்குப் பின் படிகாரம் தேய்ப்பார்களாம். காலையில் இவன் முகம் முழுக்க, உதடு உட்பட, தாராளமாகத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறான். அங்கே மாஸ்க்கைப் போட்டு, தலைக்கு மேல் ஒரு கூடாரத்தைக் கவிழ்த்து, உள்ளே கசப்பு மருந்தைத் தெளிப்பார்கள். வாயில் கசப்பு தெரிந்தால் மாஸ்க் கசிகிறது என்று அர்த்தம். தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும். கூடாரம் கவிழ்ந்ததும் அண்ணன் உதட்டை நனைத்துக்கொண்டு கையைத் தூக்கிவிட்டான்.

சோதனை செய்த மலாய்ப் பெண் குனிந்து பார்த்து, நான் இன்னும் தெளிக்கவே இல்லையே என்றாராம். பாஹிட்டா, அதாவது கசப்பா, என்று கேட்டிருக்கிறார். அண்ணன் யோசித்து, பாஹிட் இல்லை, கெலாட் என்றானாம். துவர்ப்பு. வாழைப்பூவைக் கடித்த மாதிரி. அவர் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, முகத்தில் படிந்திருந்த வெள்ளைப் பொடியைத் தொட்டுப் பார்த்து, இது என் பாட்டி அக்குளுக்குப் பூசுகிற சாமான் என்று சொல்லி, முகம் கழுவி வாய் கொப்பளித்து வரச் சொன்னார். இரண்டாம் முறை தெளித்தார்கள். தலையை ஆட்டச் சொன்னார்கள், குனியச் சொன்னார்கள், ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். அண்ணன் கையைத் தூக்கவில்லை.

அம்மா இதை முருகன் கணக்கில் எழுதினார். அண்ணன் கத்தியைப் பாராட்டினான். அப்பா யாரையும் பாராட்டவில்லை.

இப்போது நிலைமை இதுதான். அண்ணன் லீடர். தொட்டிக்குள் இறங்குகிற நாள்களில் முகம் மழித்திருக்க வேண்டும் என்பதால், கிட்டத்தட்ட தினமும் சவரம். பிளாஸ்டிக் ரேசரைத் தொட மாட்டேன் என்பதில் மாற்றமில்லை. அவன் இடது கை இன்னும் தயாராகவில்லை. வலது கன்னம் அவன் பொறுப்பு. இடது கன்னம், கழுத்து, மேலுதடு என் பொறுப்பு. காலையில் நான் செனாய்க்குக் கிளம்புவதற்கு முன் அதை முடித்துவிடுகிறேன்.